ஏறிய ராக்கெட் இறங்க வேண்டும்



இன்றைய அறிவியல் உரையில் நாம் பேசவிருப்பது ராக்கெட்டைப் பற்றி. சந்திரனுக்குப் போன பெரிய ராக்கெட் அல்ல. ஓர் அடி நீளமே உள்ள, காகிதக் குழாயால் செய்த, ஒரு சிறுவன் கையில் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போகக்கூடிய மாதிரி ராக்கெட். அதை எப்படிச் சோதித்துப் பறக்கவிடுவது, மேலே போனதை எப்படிப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவருவது என்பவற்றையே இன்று பார்க்கப் போகிறோம்.

"பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த இடத்தில் வாழும் நமக்கு ராக்கெட் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தீபாவளி நெருங்கினால் நம் பையன்கள் என்ன செய்கிறார்கள்? பட்டாசைப் பிரித்து, மருந்தைக் கொட்டி, குழாயில் அடைத்துப் பார்க்கிறார்கள். விரல் போன பிள்ளைகளும், கண் பார்வை கெட்ட பிள்ளைகளும் உண்டு. அடித்தாலும் திட்டினாலும் இந்த ஆசை போவதில்லை; மறைவிடம் தேடிப் போகிறது. மேலே எதையாவது செலுத்திப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு இயல்பான ஆசை. அந்த ஆசைக்கு ஒரு நல்ல வழியைக் காட்டுவது பெரியவர்களின் கடமையல்லவா?

இதே கவலை ஒரு காலத்தில் அமெரிக்கா தேசத்திலும் இருந்தது. 1950-ஆம் ஆண்டுகளில் அங்கே பல இளைஞர்கள் இரும்புக் குழாயில் இரசாயனத் தூள்களை அடைத்து ராக்கெட் செய்தார்கள். பலர் காயப்பட்டார்கள், சிலர் உயிரையும் இழந்தார்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஒயிட் சேண்ட்ஸ் ராக்கெட் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் என்பவர், இந்த ஆபத்தைப் பற்றி 1957-இல் ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். அதைப் படித்தவர்களில் ஒருவர் ஆர்வில் கார்லைல். இவர் விஞ்ஞானி அல்லர். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்னும் ஊரில் காலணிக் கடை வைத்திருந்தவர். வாணவேடிக்கையில் ஆர்வம் உள்ளவர். 1954-இலேயே காகிதத்தால் ஒரு சிறிய ராக்கெட்டைச் செய்து, அது மேலே போனதும் வான்குடை விரிந்து மெதுவாக இறங்கும்படி அமைத்திருந்தார். பாராசூட் என்கிறோமே, அதைத்தான் வான்குடை என்று சொல்கிறேன். கார்லைல் தமது ராக்கெட்டை ஸ்டைனுக்கு அனுப்பிவைத்தார். ஸ்டைன் பறக்கவிட்டுப் பார்த்தார். பிள்ளைகளுக்கு வேண்டியது இதுதான் என்று கண்டுகொண்டார். அந்த 1957-ஆம் ஆண்டிலேயே மாதிரி ராக்கெட் பிரியர்களுக்கென ஒரு தேசியச் சங்கமும் தொடங்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ராக்கெட் மேலே போவது கார்லைல் கண்டுபிடித்த புதுமையன்று. வாணம் பல நூற்றாண்டுகளாக மேலே போய்க்கொண்டுதான் இருக்கிறது. போன பொருள் உடையாமல் திரும்பி வந்து, மறுநாளும் பறக்க வேண்டும்; பிள்ளைகள் மருந்தைத் தொடவே கூடாது. இந்த இரண்டும்தான் புதுமை.

அந்த ராக்கெட் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அதன் எஞ்சின், தொழிற்சாலையில் செய்து மூடிய ஒரு காகிதக் குழாய். ஏழு சென்டிமீட்டர் நீளமும், பெருவிரல் பருமனும் இருக்கும். அடியில் களிமண்ணால் ஆன சிறு துவாரம். அதற்குமேல் இறுக்கி அடைத்த கருமருந்து. தீ பிடித்தால் இரண்டு விநாடிக்குள் எரிந்து முடிந்துவிடும். அந்த நேரத்தில்தான் ராக்கெட்டுக்கு உந்துதல் கிடைக்கிறது. அதற்கும் மேலே, மெதுவாக எரியும் வேறொரு மருந்து. இது தள்ளாது, புகையை மட்டும் விடும். இது எரிகிற நேரத்தில் ராக்கெட், மேலே வீசிய கல்லைப்போல, பெற்ற வேகத்திலேயே ஏறிக்கொண்டிருக்கும். உச்சிக்குப் போனதும், கடைசி அடுக்கில் உள்ள சிறிதளவு மருந்து "பட்" என்று வெடிக்கும். அந்தக் காற்று, மூக்குக் கூம்பையும் வான்குடையையும் குழாயிலிருந்து வெளியே தள்ளும்.

எஞ்சினின் மேல் "பி6-4" என்பது போன்ற குறி அச்சிட்டிருக்கும். எழுத்து, எஞ்சினின் மொத்த வலிமையைக் காட்டும். ஏ-யைவிட பி இரண்டு மடங்கு, பி-யைவிட சி இரண்டு மடங்கு. நடுவில் உள்ள எண், சராசரி உந்துதல் எத்தனை நியூட்டன் என்று சொல்லும். ஒரு நியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிராம் எடையைத் தாங்கும் விசை. கடைசி எண், எரிந்து முடிந்தபின் வான்குடை வெளியே வர எத்தனை விநாடி தாமதம் என்று சொல்லும். இந்தக் கடைசி எண்ணை அலட்சியம் செய்தால் ராக்கெட் போய்விடும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பறக்கவிடுவதற்கு முன் தரையிலேயே செய்யவேண்டிய சோதனைகள் உண்டு. முதலாவது, நிலைத்தன்மைச் சோதனை. அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தலையில் பாரம், வாலில் இறகு. அதனால்தான் அது நேராகப் போகிறது. ராக்கெட்டும் அப்படியே. எல்லாப் பொருள்களையும் உள்ளே வைத்தபின், ஒரு நூலில் ராக்கெட்டைக் கட்டி, இரு பக்கமும் சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே நூலை ஒட்டிவிட வேண்டும். பிறகு இரண்டு மீட்டர் நூலில் தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். மூக்கு முன்னால் பார்த்துச் சுழன்றால் ராக்கெட் நேராகப் பறக்கும். புரண்டாலோ, வால் முன்னால் வந்தாலோ, மூக்கில் கொஞ்சம் களிமண்ணைச் சேர்க்க வேண்டும். அல்லது வாலில் உள்ள இறக்கைகளைப் பெரிதாக்க வேண்டும்.

இரண்டாவது, மூக்குக் கூம்புச் சோதனை. கூம்பைப் பிடித்துத் தூக்கினால் ராக்கெட் அதோடு தொங்க வேண்டும். இலேசாக உலுக்கினால் கழன்று வர வேண்டும். தொங்காமல் உடனே விழுந்தால் கூம்பு தளர்வு. உலுக்கியும் வராவிட்டால் இறுக்கம். ஈரக்காற்று உள்ள இடத்தில் காகிதக் குழாய் சற்று உப்பும். நேற்றுச் சரியாக இருந்த கூம்பு இன்று இறுகிப் போகும். ஆகவே இந்தச் சோதனையை வீட்டில் செய்தது போதாது. திடலிலும் செய்ய வேண்டும்.

இனி, இறங்கும்போது வரும் தொல்லைகளைப் பார்ப்போம்.

முதல் தொல்லை, வான்குடை வெளியே வராமலே போவது. கூம்பின் இறுக்கம் ஒரு காரணம். வான்குடையைக் கந்தைத் துணியைப்போல் அள்ளித் திணிப்பது இன்னொரு காரணம். இப்படி இறங்கும் ராக்கெட், மூக்கு கீழாக ஈட்டியைப்போல் வந்து தரையில் குத்தும்.

இரண்டாவது, வெளியே வந்தும் விரியாமல் இருப்பது. பிளாஸ்டிக் தாள் மடிப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் இரவே மடித்துவைத்தால் இது நிச்சயம். முகத்துக்குப் போடும் பவுடரைச் சிறிது தூவி, பறப்பதற்குச் சற்று முன்பு மடித்தால் ஒட்டாது.

மூன்றாவது, வான்குடை எரிந்து உருகிப்போவது. கடைசியாக வெடிக்கும் மருந்தின் சூடு பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். அதனால் எஞ்சினுக்கும் வான்குடைக்கும் நடுவில், தீப்பிடிக்காதபடி பக்குவம் செய்த மெல்லிய காகிதத்தைக் கசக்கி வைப்பார்கள். சாதாரணக் காகிதத்தை வைக்கவே கூடாது. அது கனன்றபடியே கீழே விழும். காய்ந்த லாலாங் புல்லில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நான்காவது, தாமத நேரம் தவறுவது. மேலே வீசிய கல் உச்சியில் ஒரு கணம் நிற்பதுபோல் தோன்றும் அல்லவா? ராக்கெட்டும் உச்சியில்தான் மிக மெதுவாக இருக்கும். வான்குடை விரிய வேண்டிய கணம் அதுவே. முன்னதாக விரிந்தாலும் தொல்லை, பிந்தி விரிந்தாலும் தொல்லை. வேகமாகப் போகும்போது வான்குடை விரிந்தால், கூம்பையும் உடலையும் இணைக்கும் கயிறு வெடுக்கென்று இழுபடும். அவித்த முட்டையை நூலால் அறுப்பதுபோல அந்தக் கயிறு காகிதக் குழாயை மேலிருந்து கீழாகக் கிழித்துவிடும். கிழிந்த குழாயைப் பார்த்தே தாமத எண் தவறு என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

ஐந்தாவது, அந்தக் கயிறே அறுந்துபோவது. அது பெரும்பாலும் ரப்பர் கலந்த நாடாவாக இருக்கும். பால் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலும் சூடும் பட்டால் நாளடைவில் வெடித்து, இழுத்தால் வராமல் அறுந்துவிடும். ஒவ்வொரு முறையும் பறப்பதற்கு முன் அதை இழுத்துப் பார்க்க வேண்டும். கருகியிருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஆறாவது, எல்லாம் சரியாக நடந்தும் ராக்கெட் காணாமல் போவது. இது எப்படி? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 150 மீட்டர் உயரத்தில் வான்குடை விரிந்தது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு மூன்றரை மீட்டர் வீதம் இறங்கினால், தரைக்கு வர ஏறக்குறைய 43 விநாடி ஆகும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இளங்காற்று அடித்தால்கூட, அதற்குள் ராக்கெட் 130 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒரு பந்துத் திடலின் நீளத்தையும் தாண்டிவிட்டது! பரிகாரம் என்ன? சின்ன எஞ்சினில் தொடங்குவது. வான்குடையின் நடுவில் ஒரு துளை வெட்டிச் சற்று விரைவாக இறங்கச் செய்வது. காற்று அதிகமானால் வான்குடைக்குப் பதிலாக நீண்ட நாடாவைக் கட்டி இறக்குவது. எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று பலமாக அடிக்கும் நாளில் பறக்கவிடாமல் வீட்டுக்குத் திரும்புவது.

அமெரிக்கச் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளில் சிலவற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நெருப்புக் குச்சியால் பற்றவைக்கக் கூடாது. மின்கலத்தோடு இணைத்த நீண்ட கம்பியின் வழியாக, குறைந்தது 5 மீட்டர் தள்ளி நின்றே பற்றவைக்க வேண்டும். பொத்தானை அழுத்தியும் கிளம்பாவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு நிமிடம் கழியும்வரை யாரும் பக்கத்தில் போகக்கூடாது. மின்கம்பியிலோ உயர்ந்த மரத்திலோ மாட்டிக்கொண்ட ராக்கெட்டை எடுக்க முயலக்கூடாது.

நேயர்களே, இப்போது நம் இடத்துக்கு வருவோம். வெடிமருந்து அடங்கிய எதையும் சட்டத்தின் அனுமதி இல்லாமல் வாங்குவதும் செய்வதும் நம் நாட்டில் குற்றம். ஆகவே நான் இதுவரை சொன்ன கருமருந்து எஞ்சினை நம் பிள்ளைகள் தேட வேண்டாம். அதற்குப் பதிலாக நெருப்பே இல்லாத ஒரு ராக்கெட் இருக்கிறது. அதுதான் தண்ணீர் ராக்கெட். நம் பள்ளிகள் பலவற்றில் போட்டியாகவும் நடப்பதால் பலரும் அதை அறிந்திருப்பீர்கள். கருமருந்து ராக்கெட்டில் உள்ள தொல்லைகளில், எரிவதைத் தவிர மற்றவை பெரும்பாலும் இதிலும் வரும். ஆகவே பாடமும் அதே பாடம்.

சோடா பானம் வந்த ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் வந்த மெல்லிய போத்தல் உதவாது. சோடா போத்தல்தான் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. கீறல் விழுந்ததும் நசுங்கியதும் வேண்டாம். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வாயை ரப்பர் அடைப்பானால் மூடி, தலைகீழாக ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். அடைப்பானின் நடுவே செல்லும் குழாய் 5 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதன் மறுமுனையில் மோட்டார் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்தி, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். காற்றின் அழுத்தம் அடைப்பானின் பிடியை வென்றதும் போத்தல் கிளம்பும். தண்ணீர் கீழே பீறிட்டுப் பாய, போத்தல் மேலே பாயும். ஊதிய பலூனின் வாயை விட்டால் காற்று ஒரு பக்கம், பலூன் மறு பக்கம் போகிறதே, அதே விதிதான். காற்றைவிடத் தண்ணீர் கனமானது. கனமானதைக் கீழே தள்ளுவதால் கிடைக்கும் எதிர் உந்துதலும் பெரிது.

அழுத்தம் காட்டும் பம்பையே பயன்படுத்துங்கள். 50 பவுண்டுக்கு மேல் போக வேண்டாம். அதற்குள் கிளம்பாவிட்டால், போத்தலின் மேல் குனிந்து பார்க்காதீர்கள். வால்வு உங்கள் பக்கத்திலேயே இருப்பதால், அதன் நடு ஊசியை அழுத்தி, தூரத்திலிருந்தே காற்றை வெளியேற்றிவிடலாம். வால்வைப் பம்பின் பக்கம் வைக்கச் சொன்னதன் காரணம் அதுதான். மூக்கில் ஆணியோ இரும்போ வைக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும்.

இந்தப் போத்தல் தென்னை மர உயரம் போகும். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரைக்கு வர ஏறக்குறைய 2 விநாடிதான் ஆகும். அப்போது அதன் வேகம், மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளின் வேகத்தை எட்டும். ஒரு பிள்ளையின் தலையில் விழுந்தால் விளையாட்டு வினையாகிவிடும். ஆகவே தண்ணீர் ராக்கெட்டுக்கும் வான்குடை வேண்டும். ஆனால் இதில் "பட்" என்று வெடித்துக் கூம்பைத் தள்ள மருந்து இல்லை. என்ன செய்வது? வான்குடையைப் போத்தலின் மேல்முனையில் மடித்துவைத்து, அதன்மேல் ஓர் அட்டைக் கூம்பைத் தளர்வாகக் கவிழ்த்துவைக்க வேண்டும். ஏறும்போது எதிர்க்காற்று கூம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உச்சியில் வேகம் குறைந்து போத்தல் சாயும்போது கூம்பு நழுவி விழ, வான்குடை வெளியே வரும். கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும் அதன் பாடு!

எங்கள் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதைச் செய்தபோது ஒரு பயிற்சிப் புத்தகத்தில் குறிப்பு எழுதிவந்தார்கள். அந்தக் குறிப்பு பயனுள்ளது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் பறத்தல், வான்குடை இல்லாமல், குறைந்த காற்றில். நேராக ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். நேராக ஏறியது. இரண்டாவது பறத்தல், வான்குடையோடு. கூம்பு காற்றில் போய்விடக் கூடாதென்று ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தார்கள். ஏறியது, கூம்பு கழலவில்லை, ஈர மண்ணில் குத்தி மூக்கு நசுங்கியது. மூன்றாவதில் ஒட்டுநாடாவை எடுத்துவிட்டார்கள். இப்போது கூம்பு, கிளம்பிய வேகத்திலேயே ஒரு பக்கமாகச் சரிந்தது. வான்குடை தலை உயரத்திலேயே விரிந்து, போத்தலைக் கவிழ்த்துவிட்டது. நான்காவதில் கூம்பின் விளிம்பை இரண்டு விரற்கடை நீட்டி, போத்தலின்மேல் ஆழமாக அமரும்படி செய்தார்கள். உச்சியில் கூம்பு அழகாக நழுவியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் வான்குடை விரியவில்லை. எடுத்துப் பார்த்தால், ஊற்றும்போது சிந்திய தண்ணீர் பட்டுப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் தண்ணீரை முதலில் ஊற்றித் துடைத்துவிட்டு, பவுடர் தூவிய வான்குடையைப் பிறகு மடித்துவைத்தார்கள். விரிந்தது, ஆனால் நூல்கள் முறுக்கிக்கொண்டு பாதிதான் விரிந்தது. தூண்டிலில் கட்டும் சிறு சுழலியை நூல்களுக்கும் போத்தலுக்கும் நடுவில் சேர்த்தார்கள். ஆறாவது பறத்தலில் 45 சென்டிமீட்டர் அகல வான்குடை முழுதாக விரிந்து, போத்தல் ஆடி அசைந்து புல்லில் வந்து அமர்ந்தது.

இதில் என்ன பாடம்? ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்தார்கள். கூம்பையும் வான்குடையையும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால், எதனால் சரியாயிற்று என்று தெரிந்திருக்காது. இரண்டாவது, வீழ்ந்ததும் போத்தலைக் குப்பையில் எறியவில்லை. எங்கே நசுங்கியது, எது எங்கே சிக்கியது என்று பார்த்து எழுதினார்கள். உடைந்த பொருளே ஆசிரியர். மூன்றாவது, எழுதினார்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால், அடுத்த வாரம் ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள்.

பெரிய மனிதர்கள் செய்யும் பெரிய ராக்கெட்டில் இந்தத் தொல்லைகள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி, சந்திரனுக்குப் போய்த் திரும்பிய அப்போலோ 15 கலம் பசிபிக் கடலில் இறங்கியபோது, மூன்று வான்குடைகளில் ஒன்று சுருங்கிவிட்டது. இரண்டே போதும்படி முன்கூட்டியே அமைத்திருந்ததால் மூவரும் பிழைத்தார்கள். 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி, சூரியனிலிருந்து வரும் துகள்களைச் சேகரித்துத் திரும்பிய ஜெனிசிஸ் கலம், வான்குடை விரியாமல் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் மோதியது. காரணம் என்ன தெரியுமா? கலத்தின் வேகம் குறைவதை உணர்ந்து வான்குடைக்கு உத்தரவு கொடுக்கவேண்டிய சிறு கருவிகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைச் சரிபார்த்திருக்கக்கூடிய ஒரு சோதனையும் செய்யப்படாமல் போயிருந்தது. நல்ல வேளையாக, சிதறிய துண்டுகளைப் பொறுக்கி எடுத்து விஞ்ஞானிகள் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார், கஸக்ஸ்தான் நாட்டின் பைக்கானூர் தளத்திலிருந்து மேலே போனார். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்து மகிழ்ந்தது. அக்டோபர் 21-ஆம் தேதி அவர் இறங்கியதைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் வந்த சோயுஸ் கலம், வழக்கமான சாய்வான பாதையில் வராமல், செங்குத்தான பாதைக்கு மாறிவிட்டது. உள்ளே இருந்தவர்களின் உடல்மேல் வழக்கத்தைவிட மிகுந்த பாரம் அழுத்தியது. குறித்த இடத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே கலம் தரையிறங்கியது. ஆனாலும் வான்குடை விரிந்தது. மூவரும் நலமாக வெளியே வந்தார்கள். முதல் வழி தவறினால் இரண்டாவது வழி காப்பாற்ற வேண்டும் என்று சிந்தித்து அமைத்தவர்களின் உழைப்பு அது.

பெற்றோர்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை போத்தலும் நூலும் பிளாஸ்டிக் பையுமாக உட்கார்ந்திருந்தால், "குப்பையை ஏன் வீட்டுக்குள் கொண்டுவருகிறாய்?" என்று விரட்டாதீர்கள். "வான்குடை விரிந்ததா? ஏன் விரியவில்லை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரை மணி நேரம் திடலுக்கு உடன் போங்கள். பம்பு உங்கள் கையில் இருக்கட்டும். புத்தகம் பிள்ளையின் கையில் இருக்கட்டும். பட்டாசு மருந்தைத் தேடி மறைவிடத்துக்குப் போகும் பிள்ளைக்கு, அந்த அரை மணி நேரம் பெரிய காவல்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் சொல்கிறேன். வீடுகளுக்கும் சாலைக்கும் மின்கம்பிக்கும் தூரமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்கள் மாடியிலிருந்தோ வாகனங்கள் நிற்கும் இடத்திலிருந்தோ விட வேண்டாம். பள்ளித் திடலுக்குப் போங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு பிடி காய்ந்த புல்லைத் தூவிப் பாருங்கள். ராக்கெட் செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டால், முள்ளும் பாம்பும் இருக்கும் இடம் அது, தனியாக ஓடாதீர்கள். மரத்தில் மாட்டினால் ஏறாதீர்கள். போத்தல் மீண்டும் கிடைக்கும். கை கால் கிடைக்காது.

மேலே அனுப்புவதற்கு ஒரு விநாடி வேகம் போதும். பத்திரமாகக் கீழே கொண்டுவருவதற்குத்தான் யோசனை வேண்டும், பொறுமை வேண்டும், மறுபடி மறுபடி சோதிக்கும் மனம் வேண்டும். எதைக் கிளப்பினாலும், அது எப்படித் திரும்பும் என்று முதலில் சிந்திக்கப் பழகிய பிள்ளை, ராக்கெட்டில் மட்டுமல்ல, எந்த வேலையிலும் நிதானம் இழக்காது. அந்தப் பழக்கத்தை ஒரு காலிப் போத்தலும் ஒரு முழம் பிளாஸ்டிக்கும் கற்றுத்தரும் என்றால், அது மலிவான பள்ளிக்கூடம் அல்லவா?